வினவலும் மதிப்பும்: தரவுத்தளத்தில் பிணைப்பு மாறிகளின் பணி

ஒரு நாட்டின் நிருவாகம் பதிவேடுகளின்மேல் நிற்கிறது. நிலத்தின் உரிமை, மாணவரின் மதிப்பெண், நோயாளியின் சிகிச்சை விவரம், இரயில் பயணியின் இருக்கை, வங்கிக் கணக்கின் இருப்பு ஆகிய யாவும் முன்னர்த் தடித்த பேரேடுகளில் எழுதப்பெற்று வந்தன. எழுத்தர் பேரேட்டைப் புரட்டி, வேண்டிய பக்கத்தைக் கண்டு, கேட்டவர்க்கு உரிய பதிவை மட்டும் எடுத்துரைப்பார். இன்று அப்பேரேடுகளுட் பல கணிப்பொறியின் தரவுத்தளங்களாக மாறியுள்ளன. எழுத்தர் செய்த பணியை நிரல்கள் செய்கின்றன.

இம்மாற்றத்தில் ஒரு நுட்பமான இடர் மறைந்துள்ளது. பெயரெழுத வேண்டிய சீட்டில், "கோபாலன், மற்றெல்லாருடைய பதிவுகளையும் தருக" என்று ஒருவர் எழுதி நீட்டினால் எழுத்தர் அதற்கு இசையமாட்டார். சீட்டில் பெயர் எது, கட்டளை எது என்று பிரித்தறியும் ஆற்றல் அவருக்கு உண்டு. கணிப்பொறிக்கு அவ்வாற்றல் தானாக அமைவதில்லை. அதனை நிரலை எழுதுவோரே அமைத்துத் தருதல் வேண்டும். இதற்கென வகுக்கப்பெற்ற முறையே பிணைப்பு மாறி, அஃதாவது 'பைண்ட் வேரியபிள்' ஆகும்.

அட்டவணையும் வடிகட்டிய வினவலும்

இன்று பெரிதும் வழங்கும் தரவுத்தளங்கள் 'உறவுமுறைத் தரவுத்தளம்' என்னும் வகையைச் சார்ந்தவை. இவற்றின் அடிப்படைக் கோட்பாட்டை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் எட்கர் காட் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்டார். செய்திகள் யாவும் வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளில் அமைதல் வேண்டும் என்பதும், வேண்டியது யாது என்று கூறினாற் போதும், அதனை எவ்வழியில் தேடுவது என்பதைக் கணிப்பொறியே முடிவு செய்யும் என்பதும் அக்கோட்பாட்டின் சாரம். இதனையொட்டி அந்நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974 இல் ஒரு வினவல் மொழியை அறிமுகப்படுத்தினர். அதுவே பின்னர் எஸ்.க்யூ.எல். எனப் பெயர் பெற்றது. 1986 இல் அமெரிக்காவிலும், 1987 இல் உலகத் தர அமைப்பினாலும் அது தரப்படுத்தப்பட்டது.

அம்மொழியின் வினவல் ஒன்று மூன்று உறுப்புகளைக் கொண்டது. எப்பத்திகள் வேண்டும் என்பதைச் 'செலக்ட்' என்னும் சொல்லும், எந்த அட்டவணையிலிருந்து என்பதை 'ஃப்ரம்' என்னும் சொல்லும், எந்நிபந்தனைக்கு உட்பட்டவை என்பதை 'வேர்' என்னும் சொல்லும் குறிக்கும். மூன்றாவது உறுப்பே வடிகட்டியாகும். இலட்சக்கணக்கான வரிசைகளில் ஒன்றிரண்டை மட்டும் பிரித்தெடுப்பது இதன் தொழில். விளக்கத்தின்பொருட்டு ஒரு வினவலைத் தமிழில் பின்வருமாறு எழுதிக் காட்டலாம்.

பயணிகள் அட்டவணையிலிருந்து
வண்டி எண், இருக்கை எண் ஆகியவற்றைத் தேர்ந்தெடு
நிபந்தனை: பெயர் = 'கோபாலன்'

பெயரின் இருபுறமும் உள்ள ஒற்றை மேற்கோட்குறிகள் இன்றியமையாதவை. அவற்றுள் அடங்கியது வெறும் மதிப்பு. வெளியே நிற்பது கட்டளை. கட்டளைக்கும் மதிப்புக்கும் இடையே உள்ள எல்லைச் சுவர் அச்சிறு குறி ஒன்றே என்பதை மனத்திற் கொள்ளுதல் நலம்.

நிரலும் இடைமுகமும்

பொதுமக்கள் தரவுத்தளத்தோடு நேரே உரையாடுவதில்லை. பயணி ஒருவர் திரையிலுள்ள கட்டத்தில் தம் பெயரைப் பதிக்கிறார். அதனை ஒரு நிரல் பெற்று, வினவலாக அமைத்துத் தரவுத்தளத்திற்கு அனுப்புகிறது. நிரலும் தரவுத்தளமும் பேசிக்கொள்வதற்கென வரையறுக்கப்பட்ட அழைப்புகளின் தொகுதி 'பயன்பாட்டு நிரல் இடைமுகம்' அல்லது ஏ.பி.ஐ. எனப்படும். 1992 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ஓ.டி.பி.சி., 1997 இல் ஜாவா மொழிக்கென வெளிவந்த ஜே.டி.பி.சி. ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை.

வினவலை அமைக்கும்போது புதிதாக நிரல் எழுதுவோர் பலர் கைக்கொள்ளும் வழி மிக எளியது. கட்டளையின் முற்பகுதி, பயணி பதித்த பெயர், இறுதி மேற்கோட்குறி ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே உரையாக்கி அனுப்பிவிடுகின்றனர். கோபாலன் என்னும் பெயருக்கு இவ்வழி தடையின்றிச் செல்லும். கோவாவிலும் மங்களூரிலும் பரவலாக வழங்கும் டி'சூசா என்னும் பெயரை எடுத்துக்கொண்டால் குறை வெளிப்படும்.

நிபந்தனை: பெயர் = 'டி'சூசா'

பெயரின் நடுவிலுள்ள குறியைத் தரவுத்தளம் மதிப்பின் முடிவாகக் கொள்கிறது. 'டி' என்பது பெயராகிறது. எஞ்சிய 'சூசா' என்பது கட்டளையின் பகுதியாகக் கருதப்பட்டுப் பொருள் விளங்காமையால் வினவல் பிழையென்று தள்ளப்படுகிறது. தம் பெயரைச் சரியாக எழுதிய ஒரு குடிமகர், தம் பெயரின் காரணமாகவே தம் பதிவைப் பெற இயலாது போகிறார்.

கட்டளை நுழைப்பு

மேற்கூறிய குறை ஒரு பெயரோடு நின்றுவிடுவதில்லை. தீய எண்ணம் கொண்ட ஒருவர் சீட்டு எண்ணைப் பதிக்க வேண்டிய கட்டத்தில் பின்வருவதைப் பதிக்கிறார் எனக் கொள்க.

5' அல்லது '1' = '1

நிரல் இதனை முன்போலவே ஒட்டினால் தரவுத்தளத்தைச் சென்றடையும் நிபந்தனை இவ்வாறு அமையும்.

நிபந்தனை: சீட்டு எண் = '5' அல்லது '1' = '1'

ஒன்று என்பது ஒன்றுக்குச் சமம் என்பது எக்காலத்தும் உண்மை. இரண்டு கூற்றுகளுள் ஒன்று உண்மையாயினும் 'அல்லது' என்னும் சொல்லால் இணைந்த முழு நிபந்தனையும் உண்மையாகும். ஆதலின் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் வடிகட்டியைக் கடந்து வெளிப்படும். ஒருவருடைய பதிவைத் தர வேண்டிய நிரல் அனைவருடைய பதிவையும் அள்ளித் தருகிறது. தரவுத்தளத்தின்மேல் குற்றமில்லை, அது தன்னிடம் தரப்பட்ட கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றியது. கட்டளையை எழுதியவர் யார் என்பதே அதற்குத் தெரியவில்லை.

இவ்வகைத் தாக்குதல் 'எஸ்.க்யூ.எல். நுழைப்பு' எனப்படும். 1998 ஆம் ஆண்டிலேயே இது வெளிப்படையாக விவரிக்கப்பட்டது. இணையப் பயன்பாடுகளின் பாதுகாப்பை ஆராயும் ஓவாஸ்ப் அமைப்பு 2010, 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட இடர்ப் பட்டியல்களில் இதனை உள்ளிட்ட நுழைப்பு வகை முதலிடம் பெற்றது. 2021 ஆம் ஆண்டுப் பட்டியலில் அது மூன்றாம் இடத்தில் இருந்தது.

இதன் விளைவை பிரிட்டனில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். 2015 அக்டோபரில் டாக்டாக் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தரவுத்தளம் இவ்வழியிலேயே திறக்கப்பட்டது. 1,56,959 வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்கள் வெளியேறின. அவர்களுள் 15,656 பேருடைய வங்கிக் கணக்கு விவரங்களும் களவாடப்பட்டன. அந்நிறுவனம் 2009 இல் மற்றொரு நிறுவனத்தின் பிரிட்டானியத் தொழிலை வாங்கியபோது உடன் வந்த பழைய இணையப் பக்கங்களே தாக்குதலுக்கு வாயிலாயின. 2015 ஜூலையிலும் செப்டம்பரிலும் இதே முறையில் இரு தாக்குதல்கள் நிகழ்ந்திருந்தும் அவை கவனிக்கப்படவில்லை. 2016 இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்நிறுவனத்திற்கு 4 இலட்சம் பவுன் அபராதம் விதித்தது. தாக்குதல் முறை புதியதன்று. அதற்கான மாற்றும் பல்லாண்டுகளாக அறியப்பட்டதே.

குறியை இரட்டித்தல் போதுமா?

பயனர் பதித்த உரையில் மேற்கோட்குறி வருமிடமெல்லாம் அதனை இருமுறை எழுதிவிட்டால் தரவுத்தளம் அதனை மதிப்பின் பகுதியாகவே கொள்ளும். இம்முறை பழைமையானது, ஆயினும் நம்பத்தக்கதன்று. எண்களைச் சுற்றி மேற்கோட்குறிகள் இடப்படுவதில்லை. ஆதலின் எண்ணுக்குரிய இடத்தில் கட்டளையை நுழைக்க அக்குறியே தேவையில்லை. மேலும், சிறப்புப் பொருள் கொண்ட குறிகள் தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் வேறுபடும். அன்றியும், பல்லாயிரம் வரிகள் கொண்ட நிரலில் ஓரிடத்தில் மறந்துவிட்டாலும் சுவரில் துளை விழுந்ததாகும்.

பிணைப்பு மாறி இயங்கும் முறை

அச்சிட்ட விண்ணப்பப் படிவத்தை எண்ணிப் பார்க்க. 'பெயர்' என்று அச்சிட்ட இடத்திற்கு எதிரே வெற்றிடம் உள்ளது. அவ்வெற்றிடத்தில் எவர் எதனை எழுதினாலும் அது பெயராகவே கருதப்படும். அச்சிட்ட வாசகத்தை அது மாற்றிவிடாது. பிணைப்பு மாறியின் தத்துவமும் இதுவே. வினவலின் உரையில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் ஓர் இடக்குறி மட்டும் எழுதப்படும்.

நிபந்தனை: பெயர் = ?

ஓ.டி.பி.சி., ஜே.டி.பி.சி. ஆகியவற்றில் கேள்விக்குறியும், ஆரக்கிளில் முக்காற்புள்ளியை அடுத்து ஒரு பெயரும், போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் டாலர் குறியை அடுத்து ஓர் எண்ணும் இடக்குறியாக வழங்கும். இடக்குறியைச் சுற்றி மேற்கோட்குறி இடலாகாது. இட்டால் அது வெறும் எழுத்தாகிவிடும்.

இடைமுகத்தின் வழியாக இவ்வினவல் நான்கு படிகளில் நிறைவேறுகிறது. முதற்படி ஆயத்தம்: இடக்குறியோடு கூடிய உரையைத் தரவுத்தளம் பெற்று, இலக்கணம் சரிபார்த்து, தேடும் வழியைத் திட்டமிடுகிறது. இரண்டாம் படி பிணைப்பு: ஒவ்வோர் இடக்குறிக்கும் உரிய மதிப்பையும் அது எண்ணா, எழுத்தா, நாளா என்னும் வகையையும் நிரல் தனியே தருகிறது. மூன்றாம் படி நிறைவேற்றம்: ஆயத்தமான திட்டத்தில் மதிப்பு இடப்பட்டுத் தேடல் நிகழ்கிறது. நான்காம் படி மீட்பு: கிடைத்த வரிசைகளை நிரல் ஒவ்வொன்றாகப் பெறுகிறது.

மதிப்பு வந்து சேரும்போது கட்டளையின் பொருள் முன்னரே முடிவாகிவிட்டது என்பதே இங்கு முதன்மையான செய்தி. இப்போது டி'சூசா தம் பதிவைப் பெறுவார். முற்கூறிய தீய உரையைப் பதித்தவரோ, அம்முழு உரையையும் சீட்டு எண்ணாகக் கொண்ட பயணி எவரும் இல்லாமையால் ஒன்றும் பெறமாட்டார். சில இடைமுக நூலகங்கள் மதிப்பைத் தாமே பாதுகாப்பாக உரையில் பொருத்தி அனுப்புவதும் உண்டு. ஆயினும் அப்பொறுப்பு நிரல் எழுதுவோரின் நினைவாற்றலை நம்பியிராமல் நூலகத்தின்பால் சேர்கிறது.

விரைவு என்னும் மற்றொரு பயன்

பிணைப்பு மாறியின் பயன் பாதுகாப்பு மட்டுமன்று. ஒரு வினவலுக்குப் பல தேடல் வழிகள் உண்டு. அட்டவணை முழுவதையும் படிக்கலாம். நூலின் பின்னிணைப்பைப் போன்ற சுட்டகத்தின் வாயிலாகவும் செல்லலாம். எவ்வழி செலவு குறைந்தது என்று கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பட்ரீஷியா செலிங்கரும் அவர்தம் ஐ.பி.எம். குழுவினரும் 1979 இல் விவரித்தனர். இக்கணக்கீட்டிற்கு உழைப்பு தேவை.

ஆரக்கிள் தரவுத்தளம் ஒருமுறை வகுத்த திட்டத்தை நினைவகத்தில் பொதுவாக வைத்திருந்து, அதே உரை மீண்டும் வரும்போது பயன்படுத்திக்கொள்கிறது. பதினாயிரம் பயணிகள் தத்தம் சீட்டு எண்ணைக் கொண்டு வினவுவதாகக் கொள்க. எண்களை உரையில் ஒட்டி அனுப்பினால் அவை பதினாயிரம் வெவ்வேறு உரைகளாகும். ஒவ்வொன்றும் புதிதாகத் திட்டமிடப்படும். நினைவகமும் மறுமுறை பயன்படாத திட்டங்களால் நிரம்பும். இடக்குறி இட்டு அனுப்பினால் உரை ஒன்றே, திட்டமும் ஒன்றே, மதிப்புகள் மட்டுமே மாறும்.

பல நிபந்தனைகள் கொண்ட வடிகட்டி

நடைமுறையில் வடிகட்டி ஒரே நிபந்தனையோடு முடிவதில்லை. ஒருவர் புறப்படும் நிலையத்தை மட்டும் கூறுவார். மற்றொருவர் நாளையும் வகுப்பையும் சேர்த்துக் கூறுவார். உரையை ஒட்டும் பழக்கம் மீண்டும் நுழைவது இவ்விடத்திலேயே. இதற்கு ஒரு நல்ல ஒழுங்கு உண்டு. நிபந்தனைத் துண்டுகளை நிரலே தன்னுள் நிலையாக வைத்திருத்தல் வேண்டும். பயனர் நாளைக் கூறியிருந்தால் 'பயண நாள் = ?' என்னும் துண்டு உரையில் சேர்க்கப்படும். அவர் கூறிய நாள் மதிப்புகளின் பட்டியலில் சேர்க்கப்படும். இவ்வாறு உரை வளரினும், அதில் பயனரின் எழுத்து ஒன்றேனும் கலவாது.

நிபந்தனை: புறப்படும் நிலையம் = ?
மேலும் பயண நாள் = ?
மேலும் வகுப்பு = ?

கேள்விக்குறிகளின் வரிசையும் மதிப்புகளின் வரிசையும் ஒத்திருத்தல் வேண்டும். நிபந்தனைகள் பெருகும்போது இடம் மாறிப் பிணைக்கும் தவறு நேரக்கூடும். பெயரிட்ட இடக்குறிகளை ஏற்கும் இடைமுகமாயின் அவற்றைக் கையாளுதல் சிறந்தது. வலைவழி இயங்கும் இடைமுகங்களிலும் இதே பிரிவினை உண்டு. கூகுளின் பிக்குவெரி சேவை, வினவலின் உரையை ஓர் உறுப்பாகவும், பெயர், வகை, மதிப்பு ஆகியவற்றைக் கொண்ட பட்டியலைத் தனி உறுப்பாகவும் பெற்றுக்கொள்கிறது.

வடிகட்டிகளை எழுதுவோர் வேறு சிலவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பட்டியல்: ஐந்து நிலையங்களுள் ஏதேனும் ஒன்று எனக் கேட்பதாயின் ஓர் இடக்குறி போதாது. ஐந்து மதிப்புகளுக்கு ஐந்து இடக்குறிகள் வேண்டும்.

பெயர்கள்: அட்டவணையின் பெயரையும் பத்தியின் பெயரையும் பிணைக்க இயலாது, அவை இன்றித் திட்டமே வகுக்க முடியாது. எப்பத்தியின்படி வரிசைப்படுத்துவது என்பதைப் பயனர் தேர்ந்தெடுப்பதாயின், அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலை நிரல் வைத்திருந்து, அதில் உள்ளதை மட்டுமே ஏற்றல் வேண்டும்.

பகுதித் தேடல்: 'லைக்' என்னும் ஒப்பீட்டில் விழுக்காட்டுக் குறியும் அடிக்கோடும் எதனோடும் பொருந்தும் சிறப்புக் குறிகளாகும். பிணைப்பு இச்சிறப்பை நீக்குவதில்லை. அவற்றை வெறும் எழுத்தாகக் கொள்ள வேண்டுமாயின் அதற்கென விலக்குக் குறியைத் தனியே அமைத்தல் வேண்டும்.

வெறுமை: மதிப்பே பதியப்படாத 'நல்' நிலையைச் சமக்குறியால் ஒப்பிட்டால் விடை உண்மையும் ஆகாது, பொய்யும் ஆகாது. ஆதலின் ஒரு வரிசையும் கிடைக்காது. அதற்கு 'இஸ் நல்' என்னும் தனித்தொடர் வேண்டும்.

வகை: அஞ்சல் குறியீட்டு எண் அட்டவணையில் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்க, நிரல் அதனை எண்ணாகப் பிணைத்தால், ஆரக்கிள் ஒவ்வொரு வரிசையின் எழுத்தையும் எண்ணாக மாற்றி ஒப்பிடும். அப்பத்தியின் சுட்டகம் பயன்படாமற்போய்த் தேடல் தாமதமாகும்.

எல்லைகள்

பிணைப்பு மாறி எல்லாவற்றிற்கும் மருந்தன்று. மதிப்புகள் சமனின்றிப் பரவியிருக்கும் அட்டவணையில் ஒரே திட்டம் எல்லா மதிப்புகளுக்கும் பொருந்தாது. பெருநகர நிலையம் ஒன்றுக்கு இலட்சம் வரிசைகளும், சிற்றூர் நிலையம் ஒன்றுக்குப் பத்து வரிசைகளும் இருக்கலாம். முன்னதற்கு அட்டவணை முழுவதையும் படித்தல் நன்று. பின்னதற்குச் சுட்டகம் நன்று. இதனை உணர்ந்த ஆரக்கிள் தன் 9ஐ பதிப்பில் முதல் மதிப்பை எட்டிப் பார்த்துத் திட்டமிடும் முறையையும், 11ஜி பதிப்பில் மதிப்புக்கேற்பப் பல திட்டங்களை வைத்திருக்கும் முறையையும் கொணர்ந்தது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் பொதுவாக முதல் ஐந்து முறை மதிப்புக்கேற்பத் திட்டமிட்டு, பின்னர்ப் பொதுத் திட்டத்தின் செலவை அவற்றோடு ஒப்பிட்டு முடிவு செய்கிறது.

தரவுத்தளத்தின் உள்ளேயே சேமிக்கப்படும் நிரல்களும் உரையை ஒட்டி வினவலை அமைத்தால் அதே இடர் அங்கும் எழும். ஒருவர் எப்பதிவைக் காண உரிமையுடையவர் என்பதையும் பிணைப்பு மாறி அறியாது. அதனைத் தனி நிபந்தனையாக நிரல் சேர்த்தல் வேண்டும். நிரலுக்குத் தரப்படும் அதிகாரமும் அளவோடிருத்தல் நலம். பதிவுகளைப் படிக்க மட்டும் வேண்டிய நிரலுக்கு அவற்றை அழிக்கும் அதிகாரம் எதற்கு?

பொதுநலனும் பொறுப்பும்

இந்தியாவில் அரசு அலுவலகங்களின் சேவைகள் பெரிதும் இணையவழிக்கு மாறிவருகின்றன. கணிப்பொறிப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் தேசிய அமைப்பான செர்ட்-இன் 2004 முதல் இயங்கிவருகிறது. 2023 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தக்க முன்னேற்பாடு செய்யத் தவறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. பதிவேட்டில் இடம்பெற்றவர்கள் தம் விவரங்களை விரும்பிக் கொடுத்தவர்கள் மட்டுமல்லர். சேவையைப் பெற வேறு வழியின்றிக் கொடுத்தவர்களும் ஆவர். அவர்களுக்கு நிரலின் உள்ளே நடப்பது தெரியாது.

ஆதலின் நிரலை ஏற்றுக்கொள்ளும் அலுவலர்கள் ஓர் எளிய தேர்வை நடத்தலாம். திரையின் ஒவ்வொரு கட்டத்திலும் டி'சூசா என்னும் பெயரைப் பதித்துப் பார்த்தல் அத்தேர்வின் தொடக்கம். பிழைச் செய்தி தோன்றினால் நிரலில் குறை இருக்கக்கூடும் என்பதற்கு அது நல்ல அறிகுறி. தோன்றாவிடினும் அத்துடன் நிறைவடைதல் தகாது. வினவல் அமைக்கப்படும் ஒவ்வோரிடத்தையும் நிரலின் உரையில் படித்து, பயனர் பதித்த மதிப்பு எங்கேனும் கட்டளையோடு ஒட்டப்படுகிறதா என்று நோக்குதல் வேண்டும். அவ்வாறு ஒட்டப்படும் இடமெல்லாம் இடக்குறியாக மாற்றப்படுமாயின், கேட்டவர்க்கு உரிய பதிவை மட்டும் எடுத்துரைத்த பழைய எழுத்தரின் நம்பகம் கணிப்பொறிக்கும் வாய்க்கும்.